விழா முடிந்தாகிவிட்டது, அப்புறம்? சென்னை சர்வதேசத் திரைப்பட விழாவை அசைபோட ஒரு வழிகாட்டி

விழா முடிந்த ஒரு வாரத்துக்குள் எல்லோரும் ஒரே மாதிரி ஒன்றை எழுதிவிடுகிறார்கள். பார்த்த படங்களின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம், கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு செல்ஃபி, கடைசியில் "அடுத்த வருடம் சந்திப்போம்". இதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் மூன்று வருடம் கழித்து அதையே நீங்கள் திறந்து படித்தால் எந்தப் படம் எதைப் பற்றியது என்றுகூடப் பிடிபடாது. மூன்றரை நட்சத்திரம் ஏன் கொடுத்தோம், அந்த அரை நட்சத்திரத்தை எதற்காகப் பிடித்தம் செய்தோம், யாருக்கு நினைவிருக்கப் போகிறது?

படங்களைப் பற்றி எழுத உலகம் முழுக்க ஆள் இருக்கிறது. மே மாதம் பிரான்சில் நடக்கும் கான் விழாவில் ஒரு படத்தின் முதல் காட்சி முடிந்த இரவே விமர்சனங்கள் குவிந்துவிடும். அதே படம் டிசம்பரில் சென்னைக்கு வந்து ஓடியபோது அரங்கில் என்ன நடந்தது என்பதை எழுத நம்மை விட்டால் ஆள் கிடையாது. அதனால்தான் சொல்கிறேன், விழாவை எழுதுங்கள், படங்கள் அதற்குள் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். எந்தப் படத்துக்கு அடுத்து எந்தப் படம் பார்த்தீர்கள், பக்கத்து இருக்கையில் யார், வெளியே மழையா வெயிலா, மத்தியானம் சாப்பிட்டீர்களா இல்லையா, இதெல்லாம் சேர்ந்ததுதான் நீங்கள் பார்த்த விழா.

1952இல் இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கி டெல்லி, கல்கத்தா, மதராஸ் என்று மற்ற பெருநகரங்களுக்கும் போனது. சாதாரண மனிதர்களின் வாழ்க்கையைத் தெருவிலேயே போய் எடுத்த இத்தாலிய நியோரியலிசப் படங்களும் ஜப்பானிய இயக்குநர் குரோசவாவும் அந்த விழா வழியாகத்தான் நம்மூர் இயக்குநர்கள் பலரைப் பிடித்து உலுக்கினார்கள் என்று சினிமா வரலாற்றுப் புத்தகங்கள் சொல்லும். சரி. ஆனால் அன்றைக்கு மதராஸில் அரங்குக்குள் போன ஏதோ ஒரு குமாஸ்தா, ராத்திரி வீடு திரும்பி டைரியில் நாலு வரி எழுதி வைத்திருந்தால் எனக்கு அதுதான் வேண்டும். படம் நன்றாக இருந்ததா என்று அவர் சொல்ல வேண்டாம், அதை நானே பார்த்துக்கொள்வேன். எந்த இடத்தில் கூட்டம் சிரித்தது, பாதியில் எத்தனை பேர் எழுந்து போனார்கள், வாசலில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை அவர் ஒருவர்தான் சொல்ல முடியும். இன்றைக்கு அந்த குமாஸ்தா நீங்கள்தான்.

எப்போது, எங்கிருந்து தொடங்குவது

நிறைவு நாள் இரவே உட்காராதீர்கள். ஒரு வாரம் இருட்டிலேயே இருந்த அயர்ச்சியில் எல்லாப் படமும் ஒரே படமாகத் தெரியும். பொங்கல் வரை தள்ளிப்போடவும் வேண்டாம். அதற்குள் யூடியூபில் கேட்டது, நண்பர் சொன்னது எல்லாம் உங்கள் கருத்தோடு கலந்துவிடும், பிறகு பிரிக்க முடியாது. இரண்டு இரவு நன்றாகத் தூங்கிவிட்டு மூன்றாவது நாள் உட்காருவது சரியாக இருக்கும்.

முதல் நாளிலிருந்து வரிசையாக எழுதத் தொடங்குவதுதான் எல்லோருக்கும் வரும் பழக்கம். அதைச் செய்யாதீர்கள். தொடக்கப் படமும் கடைசி நாள் படமும் எப்படியும் மனதில் நிற்கும், காணாமல் போவது நடுவில் உள்ள நாட்கள்தான். சமீப ஆண்டுகளில் இந்த விழா பெரும்பாலும் வியாழக்கிழமை தொடங்கி அடுத்த வியாழன் முடிகிறது. சனி, ஞாயிறு கூட்டமெல்லாம் கலைந்த பிறகு வரும் திங்களும் செவ்வாயும் இருக்கிறதே, அங்கிருந்து ஆரம்பியுங்கள். அலுவலகத்தில் ஏதோ காரணம் சொல்லிவிட்டு வந்து பாதி காலியான அரங்கில் பார்த்த படங்கள் அவை, பெயரே தெரியாமல் போய் உட்கார்ந்தவையும் அதில்தான் இருக்கும். நல்ல படம் அங்கேதான் அகப்படும் என்பது என் நம்பிக்கை, நிரூபிக்கச் சொன்னால் முடியாது.

நினைவு மட்டும் போதாது, தடயங்களையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் டிக் அடித்த அட்டவணை, அதில் அடித்துவிட்டுப் போகாமல் விட்டவை, நண்பர்கள் குழுவில் இடைவேளையில் அனுப்பிய ஒருவரிச் செய்திகள், அரங்கு வாசலில் ஒட்டியிருந்த மாற்றப்பட்ட நேரத்தின் புகைப்படம். யாரும் யோசிக்காத ஒன்று யுபிஐ கணக்கு. இரண்டு படத்துக்கு நடுவே டீ குடித்த நேரம் அதில் நிமிடம் பிசகாமல் இருக்கும். 4.52க்கு இரண்டு டீக்கான காசு போயிருக்கிறது என்றால் கூட ஒருவர் இருந்திருக்கிறார், யார் அவர், எந்தப் படத்தைத் திட்டிக்கொண்டே குடித்தோம் என்று நூல் பிடித்துப் போனால் அந்தச் சாயங்காலம் முழுக்கத் திரும்பி வந்துவிடும்.

இப்போது ஒவ்வொரு படத்துக்கும் மூன்றே வரி. ஒரு காட்சி, ஒரு சத்தம், ஒரு கேள்வி. கதைச் சுருக்கம் வேண்டாம், அது இணையத்தில் எப்போதும் இருக்கும். காட்சியும் கேள்வியும் சுலபமாக வந்துவிடும், சத்தம்தான் கஷ்டம், அதனாலேயே அதைக் கேட்கிறேன். வசனம் புரியாத மொழியில் நாம் கண்ணால் சப்டைட்டிலைத் துரத்திக்கொண்டிருக்கும்போது காது சும்மா இருப்பதில்லை. பக்கத்து அறையில் ஓடும் ரேடியோ, பனியில் நடக்கும் செருப்புச் சத்தம், ஒரு பாத்திரம் கழுவும் ஓசை, இப்படி ஏதாவது ஒன்று தங்கியிருக்கும். அதைப் பிடித்து எழுதிவிட்டால் காட்சி பின்னாலேயே வரும். ஒன்றுமே வரவில்லையென்றால் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். விக்கிபீடியாவைப் பார்த்து நிரப்பாதீர்கள். காலி இடமும் ஒரு கருத்துதான்.

ஆனால் படத்தைக் குற்றம் சொல்வதற்கு முன் அது அன்றைக்கு எத்தனையாவது படம் என்று பாருங்கள். ஒரே நாளில் நாலு படம் பார்ப்பவர்கள் நம்மில் நிறைய. நாலாவதாக வந்து மாட்டிய படத்துக்கு நீதி கிடைப்பதே இல்லை. மத்தியானம் சாப்பிட்டதும் பார்த்த படமும் அப்படித்தான், அதிலும் டிசம்பரில் படம் பார்க்க வந்தவர்கள் மார்கழிக் கச்சேரி நடக்கும் சபா கேன்டீனுக்கு ஒரு நடை போய் இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டுக் குளிரூட்டிய அரங்குக்குள் வந்து உட்கார்ந்தால், துருக்கி இயக்குநர் ஒருவர் எவ்வளவு நீளமான ஷாட் வைத்து என்ன பயன்? தூங்கியிருந்தால் தூங்கினேன் என்றே எழுதுங்கள். எந்த இடத்தில் கண் சொருகியது, எழுந்தபோது திரையில் யார் இருந்தார்கள் என்றும் எழுதுங்கள். "படம் மெதுவாக நகர்கிறது" என்று எழுதுபவர்களில் பாதிப்பேர் மறைப்பது இந்தத் தூக்கத்தைத்தான்.

அட்டவணையை ஒரு புத்தகம் போலப் படிப்பது

இதற்கப்புறம் கூகுளைத் திறக்கலாம். பெயர்களைச் சரிபார்க்க, இயக்குநருக்கு இது எத்தனையாவது படம் என்று பார்க்க. நாடு விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். அட்டவணையில் ஒரு நாட்டின் பெயர் இருக்கும், படத்துக்குள் நாலு நாட்டுப் பணம் இருக்கும். ஈரானிய இயக்குநர் முகம்மது ரசூலோஃப் பாரசீக மொழியில் எடுத்த படத்தை 2024இல் ஆஸ்காருக்கு அனுப்பியது ஜெர்மனி. அடுத்த ஆண்டு ஜாஃபர் பனாஹியின் படத்தை அனுப்பியது பிரான்ஸ். எனவே "ஜெர்மன் படங்கள் இந்த முறை பிரமாதம்" என்று எழுதுவதற்கு முன் அது எங்கே எடுக்கப்பட்டது, ஏன் அந்த நாட்டுப் பெயரில் வந்தது என்று ஒரு நிமிடம் பார்த்துவிடுங்கள். பல சமயம் படத்தைவிட அந்தக் கதை பெரிதாக இருக்கும்.

அடுத்தது படம் வந்த வழி. பிப்ரவரியில் பெர்லின், மே மாதம் கான், ஆகஸ்டில் லொகார்னோ, ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி செப்டம்பர் வரை வெனிஸ், நவம்பரில் கோவா, டிசம்பரில் நாம். வருடத்தின் கடைசியில் இருப்பதில் ஒரு லாபம் உண்டு, வடிகட்டியது வந்து சேரும். நஷ்டமும் உண்டு, ஏற்கெனவே பேர் வாங்கியவை மட்டுமே வந்து சேரும். நீங்கள் பார்த்த படங்களை எடுத்து ஒவ்வொன்றும் முதலில் எங்கே திரையிடப்பட்டது என்று பக்கத்தில் குறித்துப் பாருங்கள். எல்லாமே கான், கான், கான் என்று வந்தால் விழாவைப் பற்றியும் ஒன்று தெரியும், உங்கள் தேர்வைப் பற்றியும் ஒன்று தெரியும். பெண் இயக்குநர்கள் எத்தனை, முதல் படம் எடுத்தவர்கள் எத்தனை, ஆப்பிரிக்காவிலிருந்து ஏதாவது வந்ததா, பக்கத்தில் இருக்கும் இலங்கையிலிருந்து வந்ததா என்று எண்ணிப் பார்க்க அரை மணி நேரம்தான் ஆகும். எண்ணாமல் "பன்முகத்தன்மை" என்று எழுதுபவர்கள் கட்டுரையை நான் பாதியில் மூடிவிடுவேன்.

தமிழ்ப் படப் போட்டியைத் தனியாக எழுதுங்கள். அது விழாவுக்குள் இருக்கும் இன்னொரு விழா. 2024இல் நடந்த 22ஆவது விழாவில் அமரன் சிறந்த படம், லப்பர் பந்து இரண்டாவது. இரண்டுமே தியேட்டரில் வந்து மக்கள் பார்த்துத் தீர்த்தவை, அமரன் அந்த வருடத் தீபாவளிப் படம். அவற்றுக்கு விருது கொடுத்தது சரியா தவறா என்பது வேறு விவாதம், ஆனால் மறுநாள் செய்தித்தாளில் விழா என்றால் அந்த விருதுகள் மட்டும்தான் இருக்கும். எட்டு நாள் உலகப் படங்களுக்காக அலைந்தவரின் விழா அதில் ஒரு வரிகூட இருக்காது. அதை எழுதும் வேலை நம்முடையது.

அப்புறம் திருவனந்தபுரத்தில் நடக்கும் கேரள சர்வதேசத் திரைப்பட விழா. சென்னை விழாவைப் பற்றி யார் எழுதினாலும் மூன்றாவது பத்தியில் "கேரளாவில் பாருங்கள்" என்று வந்துவிடும். இரண்டும் டிசம்பரில் கிட்டத்தட்ட ஒரே வாரத்தில் நடப்பதால் ஒப்பிடாமல் இருக்க முடியாதுதான். ஆனால் அங்கே நடத்துவது கேரள மாநில சலச்சித்ர அகாடமி, அரசு அமைப்பு. இங்கே 2003இல் தொடங்கியதிலிருந்து நடத்துவது இண்டோ சினி அப்ரிசியேஷன் ஃபவுண்டேஷன் என்ற திரைப்படச் சங்கம், அரசு நிதி கொடுத்து உதவுகிறது. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் வரிசையையும் கூட்டத்தையும் மட்டும் ஒப்பிடுவது நியாயமில்லை. ஒப்பிட்டே தீர வேண்டுமென்றால் ஒரே படத்துக்கு இரண்டு ஊரிலும் என்ன வரவேற்பு என்று ஒப்பிடுங்கள், அங்கே போய்வந்த நண்பர் ஒருவராவது இருப்பார்.

அரங்கில் யார் இருந்தார்கள்

என்னைக் கேட்டால் கட்டுரையில் பாதி இதற்குப் போக வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு அரங்குகள் மாறும், ராயப்பேட்டை சத்யம் வளாகம், அண்ணா சாலை அண்ணா தியேட்டர், மயிலாப்பூர் சிட்டி சென்டர், கஸ்தூரி ரங்கா சாலை ரஷ்யக் கலாச்சார மையம் என்று பல இடங்களில் நடந்திருக்கிறது. ஆட்கள் மட்டும் மாறுவதில்லை. எழுபதுகளில் ஃபிலிம் சொசைட்டியில் படம் பார்த்துப் பழகிய பெரியவர்கள், அவர்களுக்கு எந்த இயக்குநரைச் சொன்னாலும் அவருடைய முந்தைய படம்தான் நல்ல படம். சாலிகிராமம், வளசரவாக்கத்திலிருந்து பஸ் பிடித்து வரும் உதவி இயக்குநர்கள், பாதி இருட்டில் நோட்டில் ஏதோ கிறுக்கிக்கொண்டே இருப்பார்கள். விஸ்காம் என்கிற காட்சித் தொடர்பியல் மாணவர்கள், தரமணி திரைப்படக் கல்லூரி மாணவர்கள். டிபன் பாக்ஸோடு வந்து காலை முதல் இரவு வரை ஒரே வரிசையில் உட்காரும் மாமிகள் இருவர் எல்லா வருடமும் இருப்பார்கள், படத்தைப் பற்றி அவர்கள் சொல்வதுதான் பெரும்பாலும் நாம் கேட்கும் ஆகச் சிறந்த விமர்சனம். கேட்டதை எழுதுங்கள், ஆனால் யாரென்று அடையாளம் தெரியும்படி எழுத வேண்டாம், படமும் எடுத்துப் போட வேண்டாம்.

எங்கே சிரித்தார்கள் என்பதை விடாமல் குறியுங்கள். ஐரோப்பியப் படத்தில் அப்பா பிள்ளையிடம் "சாப்பிட்டாயா" என்று கேட்கும்போது இங்கே ஒரு சிரிப்பு வரும், அந்த ஊரில் வந்திருக்காது. எந்த நிமிடத்தில் ஆட்கள் எழுந்து போனார்கள், மொத்தமாகவா, ஒவ்வொருவராகவா? இன்னொன்றும் உண்டு. விழாவில் தணிக்கைச் சான்றிதழ் இல்லாத படங்கள் மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் விலக்கு வாங்கி ஓடுகின்றன, அதாவது வெட்டு இல்லாமல். இந்த ஒரு காரணத்துக்காகவே ஒரு படத்துக்குத் திடீரென்று கூட்டம் அம்மும், எதற்கு என்று யாரும் வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள், தேடி வந்தது படத்தில் இல்லையென்றதும் அரை மணியில் கிளம்பிவிடுவார்கள். இதையும் எழுதலாம், ஒளிவுமறைவு எதற்கு.

புகார்கள். கட்டாயம் எழுதுங்கள், ஆனால் "ஏற்பாடு சரியில்லை" என்ற ஒரு வரியால் யாருக்கும் பயனில்லை. எந்தக் காட்சி, எவ்வளவு தாமதம், அறிவித்தார்களா, சப்டைட்டிலின் கீழ்வரி திரைக்கு வெளியே போனதா, இப்படி எழுதினால் அடுத்த முறை திருத்த வழியுண்டு. காட்சி ரத்தானால் உடனே அமைப்பாளர்மேல் பாய்வதற்கு முன் ஒரு தொழில்நுட்ப விஷயம் தெரிந்திருப்பது நல்லது. படம் இப்போது டிசிபி என்ற மின்கோப்பாக வருகிறது, பூட்டி வந்தால் அதைத் திறக்க கேடிஎம் என்ற சாவிக்கோப்பு வேண்டும். அந்தச் சாவி குறிப்பிட்ட அரங்கின் குறிப்பிட்ட சர்வருக்கு, குறிப்பிட்ட நேர வரம்புக்குள் மட்டுமே வேலை செய்யும். படத்தைக் கடைசி நேரத்தில் வேறு திரைக்கு மாற்றினால் சாவியும் புதிதாக வேண்டும், அனுப்ப வேண்டியவர் பாரிஸில் தூங்கிக்கொண்டிருப்பார். அறிவிப்பே இல்லாமல் ஒரு மணி நேரம் நம்மை உட்கார வைத்தால் அதற்கு இந்தச் சமாதானம் பொருந்தாது, அதைத் தாராளமாகத் திட்டலாம்.

ஒரு நூல் பிடித்துக் கோப்பது

இவ்வளவையும் சேர்த்து வைத்துவிட்டு நாள்வாரியாகக் கொட்டினால் படிக்க ஆளிருக்காது. ஒரு நூல் வேண்டும். நீங்கள் பார்த்த படங்களில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஏதோ ஒன்று மூன்றிலும் இருக்கும். வீட்டை விற்கப் போகிறார்கள், பேசாமலே இருக்கும் ஒரு அப்பா, எல்லைச் சாவடியில் காத்திருக்கும் ஒரு கார். மூன்று இயக்குநர்களும் ஒருவரையொருவர் அறியாதவர்கள், ஆனால் ஒரே வாரத்தில் உங்கள் கண்ணில் பட்டிருக்கிறார்கள். அந்தச் சேர்க்கை உங்கள் ஒருவருக்கு மட்டுமே நடந்தது, வேறு வரிசையில் பார்த்தவருக்கு நடக்கவில்லை. எழுத வேண்டியது அதுதான்.

சில வருடம் நூலை ஊரே கொடுத்துவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்த வருட விழா 2016 ஜனவரிக்குத் தள்ளிப்போனது. 2020இன் விழா கொரோனாவால் 2021 பிப்ரவரியில்தான் நடந்தது. 2023இல் மிக்ஜாம் புயல் டிசம்பர் 4ஆம் தேதி ஊரை மூழ்கடித்தது, பத்தே நாளில் 14ஆம் தேதி விழா தொடங்கிவிட்டது. வேளச்சேரியில் வீட்டுக்குள் புகுந்த தண்ணீரை வாளி வாளியாக இறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தவருக்கு, திரையில் ஏதோ ஒரு தேசத்தில் கூரை ஒழுகுவது வெறும் காட்சியாகவா தெரிந்திருக்கும்? அவர் எழுதினால் அந்தப் படத்தைப் பற்றி கான் விமர்சகர்களுக்குத் தெரியாத ஒன்றை எழுதியிருப்பார். உங்கள் வருடத்தில் ஊர் எப்படி இருந்தது என்று இரண்டு வரியாவது எங்காவது வரட்டும்.

எழுதும்போது "உலகத்தரம்", "கவித்துவமான ஒளிப்பதிவு", "மனதை உலுக்கும்", இந்த மூன்றையும் தேடிப் பார்த்து அடித்துவிடுங்கள். "ஒளிப்பதிவு அருமை" என்பதற்குப் பதில் "அறையில் ஒரே ஒரு ஜன்னல், கிழவி எங்கே நகர்ந்தாலும் முகத்தில் பாதிதான் தெரிகிறது" என்று எழுதினால் போதும். இயக்குநர் பெயரைத் தமிழில் எழுதுவதில் சண்டை வரும், வரட்டும், கட்டுரை முழுக்க ஒரே மாதிரி எழுதினால் சரி. முடிவைச் சொல்லலாமா என்று கேட்பார்கள். ஓடிடியில் வரப்போகும் படமென்றால் சொல்லாதீர்கள், இந்தப் பக்கமே இனி வராது என்று தோன்றும் படத்தின் முடிவைச் சொல்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

தவறவிட்டவற்றுக்கும் ஒரு பத்தி வையுங்கள். எதை விட்டோம், எதற்காக விட்டோம், அதே நேரத்தில் எதில் உட்கார்ந்திருந்தோம். இந்தப் பட்டியல் வருடம் முழுக்கப் பயன்படும். காலேஜ் சாலை அலியான்ஸ் ஃபிரான்சே என்ற பிரெஞ்சு மையத்திலும் நுங்கம்பாக்கம் மாக்ஸ்முல்லர் பவன் என்ற ஜெர்மன் மையத்திலும் ரஷ்ய மையத்திலும் அவ்வப்போது திரையிடல் நடக்கிறது, விழா நடத்தும் சங்கமே மற்ற மாதங்களிலும் படம் போடுகிறது, உறுப்பினராகச் சேர்ந்துகொள்ளலாம்.

கடைசியாக, எல்லோருக்கும் நேரும் ஒரு சிக்கல்: காட்சி நினைவிருக்கிறது, படத்தின் பெயர் நினைவில்லை. இணையத்தில் கதையைத் தட்டித் தேடினால் கிடைப்பது அரிது. அட்டவணையை எடுங்கள். என்ன கிழமை, எந்த அரங்கு, அதற்கு முன்னால் எதைப் பார்த்தோம், முடிந்தபோது வெளியே இருட்டியிருந்ததா என்று கேட்டுக்கொண்டே வந்தால் நாலைந்து பெயர்தான் மிஞ்சும், அவற்றின் டிரெய்லரைப் பார்த்தால் அகப்பட்டுவிடும். அதனால் அந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள், செல்பேசியில் இருந்தால் வருடம் போட்டு ஒரு பிரதி சேமித்து வையுங்கள். புதிய விழாவின் அட்டவணை வந்தால் பழையது வலைத்தளத்தில் இருக்கும் என்று நம்ப முடியாது.